நகல்களுக்குப் பஞ்சமில்லை, படங்களைக் காணவில்லை

ஜாலான் புசார் சாலையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தே கடந்துவிடலாம். ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் தொடங்கினால் முதலில் நிற்பது சிம் லிம் டவர். அதைத் தாண்டிப் பக்கத்துச் சந்துக்குள் போனால், 2017 ஜூலை 10ஆம் தேதிவரை சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை விரிந்து கிடந்த இடம். டன்லப் ஸ்திரீட், வீராசாமி ரோடு, டெஸ்கர் ரோடு என்று திருப்பங்களைக் கடந்து கிச்சனர் ரோட்டை அடைந்தால் சிட்டி ஸ்குவேர் மால். அது எழும்பியிருப்பது 1923இல் திறந்த நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவின் மண்ணில். பங்சாவான் நாடகமும் குத்துச்சண்டையும் நடனக்கூடமும் திரையரங்குகளுமாக அறுபது ஆண்டுக்கு மேல் அங்கே ஊரே கூடியது.

படம் காட்டிய இடம் சாலையின் ஒரு முனை. படத்தின் நகலை விற்ற இடம் இன்னொரு முனை. நடுவில் வாழ்ந்த தமிழர்களாகிய நாம் இரண்டு முனைக்கும் நீண்டகால வாடிக்கையாளர்கள். படத்தைக் காத்த இடம் என்று கைநீட்டிச் சொல்ல இந்தச் சாலையில் ஒன்றும் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று நாம் கேட்டதும் இல்லை. சினிமாவுக்காக உயிரை விடுகிறவர்கள் என்று நம்மைப் பற்றி நாமே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இந்தக் கணக்கையும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.

முதலில் நாம் செய்ததைச் சொல்லிவிடலாம். எண்பதுகளில் வீடியோ கேசட் வந்தது. சிராங்கூன் ரோட்டைச் சுற்றியிருந்த வாடகைக் கடைகளில் வெள்ளிக்கிழமை மாலை வரிசை நிற்கும். ஒரு வீடு எடுத்த கேசட் அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கே இரண்டு கருவியை இணைத்து இன்னொரு நகல் எடுப்பார்கள், அந்த நகலிலிருந்து ஜோகூரில் இருக்கும் உறவுக்கு ஒன்று. மூன்றாம் கை நகலில் நாயகியின் முகம் மங்கி, சிவப்பு மட்டும் வழிந்து பரவியிருக்கும். படத்தின் அடியில் நகைக்கடை, மளிகைக்கடை விளம்பர வரி இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். உச்சக்கட்டத்தில் தாய் மகனைக் கண்டுகொள்ளும் வேளையிலும் ஒரு தொலைபேசி எண் அவள் காலடியில் ஊர்ந்து போகும். நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கதை தெரிந்தால் போதும் என்று பழகிவிட்டோம்.

பிறகு விசிடி. இதன் தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் நம் கண்ணை நாமே எப்படிக் கெடுத்துக்கொண்டோம் என்பது அதில்தான் தெரியும். நம் பக்கம் புழங்கிய விசிடியின் படம் குறுக்கே 352 புள்ளி, நெடுக்கே 288 புள்ளி. ஒரு தட்டில் எழுபத்து நான்கு நிமிடத்துக்கும் எண்பது நிமிடத்துக்கும் இடைப்பட்ட நேரம்தான் கொள்ளும். தமிழ்ப்படமோ இரண்டரை, மூன்று மணி நேரம். மூன்று தட்டு போட்டால் விற்பவருக்கு லாபம் குறையும். அதனால் இரண்டு தட்டில் அடங்குமாறு வெட்டுவார்கள். பாட்டு போகும், நகைச்சுவைத் தனிப்பகுதி போகும், சில சமயம் ஒரு கிளைக்கதையே போகும். அகலத்திரைக்கு எடுத்த படத்தின் இரு ஓரத்தையும் நறுக்கி, பேசுகிற இருவரில் ஒருவரின் பாதி முகம் மட்டும் மிஞ்சும். தியேட்டரில் ஒளிந்து எடுத்த கேமரா பிரின்ட் என்றால், முன்வரிசையில் எழுந்து போகிறவரின் தலை நிழலும் சேர்ந்து வரும். சுங்கை ரோட்டில் தார்ப்பாய் விரித்து, பழைய கைக்கடிகாரத்துக்கும் துருப்பிடித்த திருகாணிக்கும் நடுவே இந்தத் தட்டுகள் கிடந்தன. பிளாஸ்டிக் உறை, மங்கிய அட்டைப்படம். தீபாவளிக்கு வந்த படத்தைப் பொங்கலுக்குள் அங்கே எடுத்துவிடலாம். நாம் எடுத்தோம். பிள்ளைகளை உட்கார வைத்து இதுதான் நம் சினிமா என்று காட்டினோம். அவர்கள் கண்ட சினிமா அதுதான்.

அதற்குப் பின் வந்தது பெட்டி. தொலைக்காட்சியில் சொருகினால் உலகத்துப் படமெல்லாம் கொட்டும் என்று சொல்லி விற்றார்கள். வீட்டுக்கு வீடு வாங்கினோம், வாங்காதவரைப் பார்த்து இன்னுமா என்று கேட்டோம். இப்போது அதுவும் தேவைப்படவில்லை. படம் வெளியான அன்று மாலையே குடும்பக் குழுவில் யாராவது ஒருவர் இணைப்பை அனுப்பிவிடுகிறார். அதற்கு நன்றி சொல்லிக் கைகூப்பும் படம் போடுகிறோம்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூர் தன் பதிப்புரிமைச் சட்டத்தை 1987இல் கொண்டுவந்தது. 2018இல் உயர் நீதிமன்றம் 53 திருட்டுத் தளங்களை முடக்க உத்தரவிட்டது. 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம், திருட்டுப் படங்களைக் காட்டுவதற்கென்றே பெட்டிகளையும் செயலிகளையும் விற்பவர்களை நேரடியாகப் பிடிக்க வழி செய்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் காவல்துறை சிம் லிம் ஸ்குவேருக்குள் நுழைந்து பெட்டிகளை அள்ளிச் சென்றது. ஜாலான் புசாரிலிருந்து கூப்பிடு தூரம். தமிழ்நாடு இன்னும் ஒருபடி மேலே போய், 2004இலேயே திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம், அரங்கில் படம்பிடிப்பவருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் என்கிறது.

இந்தச் சட்டங்கள் தேவையானவை. ஆனால் இவை எல்லாமே ஒரே ஒரு குற்றத்தை மட்டுமே பார்க்கின்றன: நகல் எடுப்பது. மூலப்பிரதி அழிந்துபோனால் யாரைப் பிடிப்பது? தயாரித்தவர் படச்சுருள் பெட்டியை மழையில் போட்டுவைத்தால் அது அவர் சொத்து, அவர் விருப்பம். வாங்கியவர் எரித்தாலும் அப்படியே. ஒரு படத்தை உரிமையில்லாமல் ஆயிரம் பேருக்குக் காட்டியவர் சிறைக்குப் போவார். அதே படத்தை இனி யாருமே பார்க்க முடியாதபடி அழியவிட்டவர் மீது ஒரு புகாரும் பதிவாகாது. அந்த இடத்தில் சட்டம் பேசாதபோது பேசியிருக்க வேண்டியவர்கள் பார்வையாளர்களாகிய நாம். நாம் வாய் திறக்கவில்லை.

நம் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் ஒரு பதிலையும் சொல்லிவிட வேண்டும். திருட்டு நகல் இருந்ததால்தானே பல படம் பிழைத்தது என்போம். இது முழுப்பொய்யும் அல்ல, அதனால்தான் ஆபத்தானது. ஜெர்மனியில் 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' படத்தின் மீது, டிராகுலா நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொல்லி 1925இல் தீர்ப்பு வந்தது. தீர்ப்புக்குத் தப்பிய பிரதிகள் வழியாகத்தான் இன்று அந்தப் படம் இருக்கிறது. நம் பக்கத்தில் கதை நேர்மாறாக நடந்தது. நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ் தயாரிப்பில் 1933இல் வந்த மௌனப்படம் 'மார்த்தாண்ட வர்மா'. சி. வி. ராமன் பிள்ளையின் நாவலைப் படமாக்கியிருந்தார்கள். நாவலின் பதிப்புரிமையை வைத்திருந்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தக நிலையம் வழக்குத் தொடுத்து, ஓடத் தொடங்கிய சில நாள்களிலேயே படத்தை நிறுத்தியது. பெட்டி பதிப்பகத்தின் வசம் போய்ச் சேர்ந்தது. நாற்பது ஆண்டு கழித்து, 1974இல், புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பி. கே. நாயர் அங்கிருந்து அதை மீட்டார். தென்னிந்திய மௌனப்படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பது அது ஒன்றே என்று சொல்லலாம். பதிப்புரிமை வழக்கு பறிமுதல் செய்த படம் பிழைத்தது. தடையில்லாமல் ஊர் ஊராக ஓடிய படங்கள் ஓடி ஓடித் தேய்ந்து, கடைசியில் வெள்ளிக்காக உருக்கப்பட்டன. பழைய படச்சுருளில் இருந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பது அன்று ஒரு தொழிலாகவே நடந்தது.

இந்த இரண்டு கதையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். இரண்டிலும் பிழைத்தது படச்சுருள். முழுப்படத்தின் ஒளியும் நிழலும் தன்னுள் பதிந்த பொருள். பாட்டு வெட்டிய, ஓரம் நறுக்கிய, தொலைபேசி எண் ஓடுகிற 352 புள்ளி நகல் அந்தக் கணக்கில் சேராது. யூடியூப்பில் இருக்கிறதே என்று நாம் சொல்லும் பழைய படங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கேசட்டிலிருந்து ஏற்றியவை. அந்தக் கேசட்டின் பின்னால் பெட்டி இருக்கிறதா என்று நாம் விசாரிப்பதில்லை. எங்கும் கிடைக்கிறது என்ற எண்ணமே நம்மைத் தூங்க வைத்தது. நகல் திருட்டு தயாரிப்பாளரின் வருமானத்தைத் தின்றது பாதிக் கேடுதான். படம் பத்திரமாக இருக்கிறது என்ற பொய் நிம்மதியை நமக்குக் கொடுத்தது மீதிப் பாதி.

தமிழ் சினிமாவின் தொடக்கத்திலேயே எவ்வளவு போய்விட்டது! ஆர். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இல்லை. 1931 அக்டோபர் 31ஆம் தேதி சென்னையில் திரைக்கு வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இல்லை. இந்தியாவில் எடுத்த 1,300க்கு மேற்பட்ட மௌனப்படங்களில் ஏறத்தாழ முப்பதே மிச்சம். முப்பதுகளின் தமிழ்ப்படங்கள் பலவற்றுக்கு, அரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் மட்டுமே சாட்சி. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் அவை தூங்குகின்றன. ரோஜா முத்தையா என்ற ஒரு தனிமனிதர், மற்றவர்கள் குப்பை என்று போட்டதைச் சேர்த்து வைத்ததால் அதுவாவது இருக்கிறது.

அது சென்னையின் இழப்பு, நமக்கென்ன என்று ஒதுங்கவும் வழியில்லை. சிங்கப்பூரிலேயே நம் கண்முன் போனவை உண்டு. இங்கே எடுத்த முதல் மலாய்ப்படம் என்று வரலாறு குறிக்கும் 'லைலா மஜ்னுன்', 1934இல் திரைக்கு வந்தது. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. எஸ். ராஜ்ஹான்ஸ். படம் இன்று இல்லை. போருக்குப் பின் ஷா சகோதரர்கள் ஜாலான் அம்பாஸில் நடத்திய படப்பிடிப்புக்கூடத்தில் 1967வரை மலாய்ப்படங்கள் உருவாயின. ஜாலான் புசாரிலிருந்து பாலஸ்டியர் பக்கம் கொஞ்ச தூரம்தான். பி. ராம்லியை 1950இல் 'பக்தி' படத்தில் முதன்முறை நாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து சிறுவயதில் மலாயா வந்தவர். சென்னையில் 'மதனகாமராஜன்' எடுத்த பி. என். ராவ் சிங்கப்பூர் வந்து, கேத்தே கெரிஸ் நிறுவனத்துக்காக 1957இல் 'பொந்தியானாக்' எடுத்தார். ஊரையே நடுங்க வைத்து, வாரக்கணக்கில் ஓடி, இந்த வட்டாரத்துப் பேய்ப்படங்களுக்கெல்லாம் வழிகாட்டிய படம். அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. உரிமை கைமாறியபோது தயாரிப்பாளர் ஹோ ஆ லோக், வைக்க இடமில்லாமல் சுருள்களை ஈயச் சுரங்கக் குட்டையில் எறிந்துவிட்டார் என்பது மலாய்த் திரையுலகில் வழிவழியாகச் சொல்லப்படுவது. அப்படியே நடந்திருந்தாலும் சட்டப்படி அது குற்றமில்லை. உரிமை அவருடையது.

ராவையும் கிருஷ்ணனையும் நாம் நம்மவர்களாக எண்ணியதே இல்லை. அவர்கள் எடுத்தது மலாய்ப்படம், நமக்கு அதில் என்ன வேலை என்று விட்டுவிட்டோம். எம்ஜிஆர் எந்த அரங்கில் எத்தனை நாள் ஓடினார் என்று சொல்லத் தெரிந்த நம் பெரியவர்களிடம், இங்கேயே கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் பெயரைக் கேட்டால் தயங்குகிறார்கள். கேட்டுப் பதிவு செய்து வைக்க வேண்டிய காலத்தில் நாம் கேட்கவும் இல்லை.

மிஞ்சியதைக் காத்தவர்கள் வேறு. 2005இல் தொடங்கிய ஆசியத் திரைப்படக் காப்பகம், கேத்தே கெரிஸின் 91 மலாய்ப்படங்களைப் பாதுகாப்பில் எடுத்தது. 2014இல் அந்தத் தொகுப்பு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது. அதே ஆண்டு காப்பகம் தேசிய நூலக வாரியத்தின் கீழ் வந்தது. நாட்டில் அப்படி ஓர் இடம் இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

நாம் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். நாட்டின் பொன்விழாவை ஒட்டி நடந்த தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் நம் எழுத்தாளர்கள் நூல்களைக் கொடுத்தார்கள், தொண்டூழியர்கள் மாதக்கணக்கில் வருடினார்கள், பிழை பார்த்தார்கள். இலக்கியம், நாடகம், இசை, நடனம் நான்கும் தொகுப்பாயின. கேட்டால் கொடுக்கிற சமூகம்தான் நாம். சினிமாவுக்கு மட்டும் அந்த உழைப்பு எழவில்லை. சினிமா எங்கோ சென்னையில் இருப்பது, நாம் அதன் ரசிகர்கள் மட்டுமே என்ற எண்ணம் அவ்வளவு ஊறியிருக்கிறது. ஆனால் கே. ராஜகோபால் தொண்ணூறுகளிலிருந்தே இங்கே குறும்படம் எடுத்து விருது வாங்கியவர். அவருடைய முழுநீளப்படம் 'எ யெல்லோ பேர்ட்' 2016இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. எரிக் கூ தமிழ் பேசும் பாத்திரங்களை வைத்து எடுத்த 'மை மேஜிக்' 2008இல் கானின் போட்டிப் பிரிவுக்குப் போனது. டி. டி. தவமணியின் 'குருஷேத்திரம்' 2010இல் வந்தது. இவற்றை நம்மில் எத்தனை பேர் டிக்கெட் எடுத்துப் பார்த்தோம்? சென்னையின் பெரிய நட்சத்திரப் படத்துக்கு விடியற்காலைக் காட்சிக்கும் போகிறவர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்த படத்துக்கு இணைப்பு வருமா என்று காத்திருந்தோம்.

அரங்குகளுக்கும் இதே கதி. மெக்கன்சி ரோட்டில் 1946இல் திறந்த ரெக்ஸ், எண்பதுகளில் மூடி, பனிச்சறுக்கு அரங்காக மாறி, 2009இல் மறுபடியும் இந்தியப் படங்களுக்காகத் திறந்தது. தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நமக்கென்று ஓர் அரங்கு. அதை நிலைநிறுத்தும் அளவுக்கு நாம் போனோமா என்பதை அவரவர் வீட்டுப் பெட்டியைக் கேட்டால் தெரியும்.

சட்டத்தில் பாதுகாப்புக்குக் கொஞ்சம் இடமும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளாததும் நம் கணக்கில்தான் வரும். இந்தியச் சட்டத்தில் திரைப்படத்தின் உரிமை, வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1960இல் வந்த தமிழ்ப்படம் 2021 தொடங்கியதும் அங்கே பொதுச்சொத்தாகிவிட்டது. சிங்கப்பூரில் திரைப்படத்துக்குப் பொதுவான கணக்கு 70 ஆண்டு. இங்குள்ள 2021ஆம் ஆண்டுச் சட்டம், நூலகமும் ஆவணக் காப்பகமும் அரும்பொருளகமும் தங்கள் வசம் உள்ள படைப்பைப் பாதுகாக்க நகல் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. இந்தியாவும் 2012 திருத்தத்தில் நூலகங்களுக்கு அப்படி ஒரு விலக்குத் தந்திருக்கிறது. ஆனால் எல்லாமே, கையில் ஒரு பிரதி இருந்தால் என்ற நிபந்தனையில் நிற்கின்றன. உரிமைக்காலம் முடிந்து படம் மக்களுக்கு வந்து சேரும்போது, வந்து சேரப் படமே இல்லையென்றால் அந்த உரிமையால் என்ன பயன்? சென்னையில் எத்தனையோ நெகட்டிவ்கள் கட்டணப் பாக்கிக்காக லேப்களிலேயே தங்கிவிட்டன. தயாரிப்பாளர் மறைந்தார், வாரிசுகளுக்குள் வழக்கு, லேப் மூடியது. அசிட்டேட் சுருள் கெட ஆரம்பித்தால் புளிக்காடி நெடி அடிக்கும். அருகில் உள்ள பெட்டிக்கும் அது தொற்றும். 2012இல் 'கர்ணன்' மெருகேறித் திரைக்கு வந்தபோது கொண்டாடினோம். அது முடிந்தது, வேலை செய்யக்கூடிய நிலையில் படச்சுருள் இருந்ததால்.

நம் வீட்டு அலமாரிகளுக்கும் வர வேண்டும். ஐம்பது, அறுபதுகளில் வசதியுள்ள சிலர் 8 மில்லிமீட்டர் கேமராவில் எடுத்த தைப்பூசம், கோயில் குடமுழுக்கு, கம்பத்துக் கல்யாணம். எண்பதுகளில் சமூக மன்றங்களில் நடந்த தமிழ் நாடகங்களை யாரோ ஒருவர் எடுத்த கேசட். வீடு மாறும்போது இவற்றைப் பழம்பொருள் வாங்கும் கராங் குனிக்காரரிடம் கொடுத்துவிட்டோம், அல்லது குப்பைக் குழாயில் போட்டோம். மிஞ்சிய கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால், நாடா விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை. இந்த ஊர்ப் புழுக்கத்தில் அது தானாகவே வரும். அதை ஓட்டக் கருவி கிடைப்பதும் அரிது. விஎச்எஸ் கருவி தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. சென்னைப் படத்துக்கு இன்னொரு பிரதி எங்காவது இருக்கலாம். இவற்றுக்கு இல்லை. இவற்றின் உரிமையாளரும் நாம்தான், அழியவிட்டவரும் நாம்தான்.

எனவே வாசகர்களிடம் நேராகவே கேட்கிறேன். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பரணையும் கட்டிலடியையும் திறந்து பாருங்கள். படச்சுருளோ கேசட்டோ பாட்டுப் புத்தகமோ அரங்க நோட்டீஸோ இருந்தால் தூக்கி எறியாதீர்கள். பூஞ்சை பிடித்த நாடாவைப் பழைய கருவியில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள், அறுந்துவிடும். யார் எடுத்தது, எந்த ஆண்டு, அதில் இருப்பவர்கள் யார் என்பதை, சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு தேசிய நூலகத்தையோ, ஆசியத் திரைப்படக் காப்பகத்தையோ, தேசிய ஆவணக் காப்பகத்தையோ கேளுங்கள். கேனிங் ரைஸில் உள்ள ஓல்டம் அரங்கில் மீட்ட பழைய படங்களைத் திரையிடுகிறார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு டிக்கெட் வாங்கிப் போய் உட்காருங்கள். குடும்பக் குழுவில் அடுத்த இணைப்பு வரும்போது, அனுப்பியவர் அண்ணனோ சித்தப்பாவோ, வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.